புதூர் பின்கோடும் நாலு கோடி இலக்க நம்பரும்

எங்க வீட்டு பின்கோடு 625007. மதுரை, கே.புதூர். இந்த நம்பர எத்தன ஃபார்ம்ல எழுதியிருப்பேன்னு கணக்கே கிடையாது, ரேஷன் கார்டு, காலேஜ் அப்ளிகேஷன், கேஸ் புக், கல்யாணப் பத்திரிக்கை கவர் நானூறு, ஆனா அது பகா எண்ணா (1-ஆலயும் தன்னாலயும் மட்டும் வகுபடுற எண்) பகு எண்ணான்னு ஒரு நாள்கூட தோணல. நான் எம்.எஸ்ஸி மேத்ஸ் படிச்சவ வேற. தோணுனது என்ட்ட டியூஷன் வர்ற எட்டாங்கிளாஸ் பொண்ணுக்கு.

ஒரு சாயங்காலம் கரண்ட் போயிருச்சு. பிள்ளைகள மொட்டமாடிக்கு கூட்டிட்டுப் போயி பகாக் காரணி வாய்க்கணக்கா கேட்டுக்கிட்டு இருந்தேன். 91 பகா எண்ணான்னு கேட்டா பாதிப்பேரு ஆமாம்பாய்ங்க (7×13, எல்லாரையும் ஏமாத்துற நம்பர் அது), அந்த மாதிரி போயிட்டு இருந்தப்ப இவ கேக்குறா, "மிஸ், நம்ம பின்கோடு பகா எண்ணா?"

நான் பாட்டுக்கு "பாத்தா அப்பிடித்தான் தெரியுது"ன்னு சொல்லிட்டேன். பக்கத்துல ஈஸிச்சேர்ல எங்கப்பா. ரிட்டயர்டு போஸ்ட்மேன், முப்பத்தஞ்சு வருஷம் சைக்கிள்ல லெட்டர் போட்டவரு. "பாத்தாத் தெரியுதுன்னா என்னத்தா அர்த்தம், அட்ரஸ பாத்து லெட்டர போடணும், ஆள பாத்தா போடுறது"ன்னாரு. பிள்ளைகள் முன்னாடி மானம் போச்சு. சரி, வகுத்தே பாத்துருவோம்னு உக்காந்தோம்.

625007-ஓட வர்க்கமூலம் 790-க்கு கொஞ்சம் மேல. ஒரு எண் ரெண்டு காரணியா உடைஞ்சா அதுல சின்னது வர்க்கமூலத்துக்குள்ளதான் இருக்கணும், அதனால 790 வரைக்கும் இருக்கற பகா எண்களால மட்டும் வகுத்தா போதும். அப்பிடி எத்தனன்னு எண்ணுனா 138. கடைசி 787. மொத்தம் ஒம்போது பிள்ளைங்க, ஆளுக்குப் பதினஞ்சு பதினாறு வகுத்தல், முடிச்சுரலாம்னு நெனச்சேன். ஆனா ஒரு பின்கோட வச்சுக்கிட்டு ஒம்போது பேரு எப்பிடி சண்டை போடாம இருப்பாய்ங்க? ஆளுக்கு ஒரு ஏரியா வேணும்னுட்டாய்ங்க. அப்பா ஈஸிச்சேர்ல இருந்தே சார்ட்டிங் பண்ண ஆரம்பிச்சாரு, "1 ஹெட் ஆபீஸு, 3 பழங்காநத்தம், 6 திருநகரு, 9 காமராஜர் சாலை, 19 நாகமலை புதுக்கோட்டை, 21 பல்கலை நகரு."

மேலூர் 625106, திருமங்கலம் 625706, உசிலம்பட்டி 625532, வாடிப்பட்டி 625218, இதெல்லாம் கேட்ட உடனே சோலி முடிஞ்சிச்சு, அம்புட்டும் ரெட்டப்படை. திருநகரும் அப்பிடியே போச்சு (ஆனா திருநகர் பின்னாடி திரும்ப வரும்). காமராஜர் சாலை 625009, ஏழாலயும் போகுது பதினொண்ணாலயும் போகுது, 7×11×8117. மீனாட்சியம்மன் கோயில் பின்கோடு 625001 கொஞ்சம் கெத்தா நின்னுச்சு, கடைசில பாத்தா 13×131×367. அழகர்கோயில் 625301 வந்து 23×31×877. ஒரு பையன் "மிஸ், அம்மனுக்கும் மூணு, அண்ணனுக்கும் மூணு"ன்னான். பழங்காநத்தம் 113 வரைக்கும் தாக்குப்பிடிச்சுச்சு, 113×5531. நாகமலை புதுக்கோட்டை இன்னும் தூரம், 359×1741.

பல்கலை நகர்லதான் நான் வழுக்குனது. 625021. நூறு தாண்டியாச்சு, இருநூறு, முன்னூறு, ஐநூறு தாண்டியாச்சு, ஒண்ணுலயும் விழல. கரண்டும் வந்துருச்சு, பிள்ளைகள கூப்பிட வீட்டாளுங்களும் வந்துட்டாங்க, மணி எட்டரை. 613 வரைக்கும் பாத்துட்டு "இது பகா எண்தான், போங்க"ன்னு அனுப்பிட்டேன். மறுநாள் அதே எட்டாங்கிளாஸ் பொண்ணு செருப்பக்கூட கழட்டாம வாசல்ல நின்னு "617 மிஸ்"ங்கறா. 617×1013 = 625021. நான் நிறுத்துன எடத்துக்கு அடுத்த வீடு! அப்பா ரெண்டு நாள் சிரிச்சாரு. யூனிவர்சிட்டி பின்கோடு, அங்கதான் எம்.எஸ்ஸி எக்ஸாம் பேப்பரே திருத்துனாங்க, அதுல போயி கோட்டை விட்டேன்.

அதுனால புதூர நானே தனியா உக்காந்து 138 வகுத்தலும் போட்டேன். ஒரு ஞாயித்துக்கெழம முழுக்க. ஒண்ணாலயும் வகுபடல. 625007 பகா எண்.

இதுல அதிசயம் ஒண்ணும் இல்லங்கறதையும் சொல்லிரணும். பகா எண்கள் போகப்போக அரிதாகும், எம்புட்டு அரிதுன்னா ஒரு எண்ணோட இயற்கை மடக்கை (கால்குலேட்டர்ல ln பட்டன்) என்னவோ அத்தனைக்கு ஒண்ணு, தோராயமா. ஆறேகால் லட்சத்துக்கு அது 13.3. அதாவது அந்தப் பக்கம் பதிமூணு வீட்டுக்கு ஒரு பகா எண் இருக்கணும். 625001-ல இருந்து 625023 வரைக்கும் இருபத்திமூணு எண்ல எங்க புதூர் மட்டும்தான் தேறுச்சு, சராசரிக்குக் கொஞ்சம் கம்மிதான். ஆனாலும் பெருமையா இருக்காதா? கேஸ் சிலிண்டர் போடுறவருகிட்ட கூட சொன்னேன். அவரு ஓடிபி கேட்டாரு.

அன்னைக்கு ராத்திரி அப்பா கேட்டாரு, "இதுல பெரிசு எதுத்தா? உலகத்துலயே?"

உலகத்துலயே பெரிசுன்னு ஒண்ணு கிடையாது, பகா எண்ணுக்கு முடிவே இல்லன்னு யூக்ளிட் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நிரூபிச்சுட்டாரு. நமக்குத் தெரிஞ்சதுல பெரிசுன்னு கேட்டா இருக்கு. 2-ஐ 136279841 தடவை தன்னோட பெருக்கி, வர்றதுல ஒண்ணக் கழிச்சா கிடைக்கற எண். 2024 அக்டோபர்ல லூக் டுரான்ட்ங்கற அமெரிக்கர் கண்டுபிடிச்சாரு. அதுல 4,10,24,320 இலக்கம். பக்கத்துக்கு மூவாயிரம் இலக்கம்னு அச்சடிச்சாலும் பதிமூவாயிரத்துச் சொச்சம் பக்கம் வரும். கம்ப்யூட்டர் எழுதற மாதிரி ரெட்டை முறையில எழுதுனா வெறும் ஒண்ணுதான், 13 கோடியே 62 லட்சத்துச் சொச்சம் ஒண்ணு வரிசையா, நடுவுல ஒரு சைபர் கூட கெடையாது.

அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்பறம், "நீ ஆறு இலக்கத்துக்கே ஒரு ஞாயித்துக்கெழம எடுத்த."

நியாயமான கேள்விதான? நான் பண்ணுன மாதிரி வகுத்துப் பாக்கணும்னா அந்த எண்ணோட வர்க்கமூலமே ரெண்டு கோடி இலக்கம். நம்ம கண்ணுக்கு எட்டுற பிரபஞ்சத்துல இருக்கற மொத்த அணுக்களோட எண்ணிக்கையே எண்பது இலக்க வாக்குலதான்னு சொல்றாங்க. வகுத்தல்ங்கற வழியே அங்க கிடையாது. அப்ப எப்பிடிக் கண்டுபிடிச்சாய்ங்க?

இங்க அப்பாவோட தொழில்ல இருந்து ஒண்ணு சொல்றேன். லெட்டர் வரும், வீடு பூட்டிக் கெடக்கும், ஆள் இருக்காரா காலி பண்ணிட்டாரான்னு தெரியாது. கதவ தட்டிக்கிட்டே நின்னா ஆகுமா? பக்கத்து வீட்ல கேப்பாரு. "அந்த வீட்ட பத்தி அந்த வீட்டுக்காரன விட பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் ஜாஸ்தி தெரியும்"பாரு. பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனுக்கு வர்ற போலீஸும் அதத்தான் பண்ணுது. பகா எண்ணுலயும் வழி இதான், அந்த எண்ண விட்டுட்டு அதுக்கு முன்வீட்டுலயோ பின்வீட்டுலயோ விசாரிக்கறது.

கொஞ்சம் கணக்கு வருது, பொறுத்துக்கங்க. ஃபெர்மாங்கற பிரெஞ்சுக் கணக்கு மேதை 1640-ல சொன்னது: ஒரு எண் பகா எண்ணா இருந்தா, அதால வகுபடாத எந்த எண்ணையும் எடுத்து, நம்ம எண்ணுக்கு ஒண்ணு கொறைவான அடுக்குக்கு உயர்த்தி, நம்ம எண்ணால வகுத்தா மீதி 1 வரும். 625007-க்குப் பாக்கணும்னா 2-ஐ 625006 அடுக்குக்குக் கொண்டுபோகணும். கேட்க பயமா இருக்கு, ஆனா 625006 தடவை பெருக்கத் தேவையில்ல, ரெட்டிச்சு ரெட்டிச்சுப் போலாம். 19-ல ஆரம்பிச்சு 38, 76, 152, 305, 610ன்னு பதினாலே தாவுல 312503-க்கு வந்துரலாம், அதான் 625006-ல பாதி. ஒவ்வொரு தாவுலயும் வர்க்கம் எடுத்து, ஒத்தப்படைக்குத் தாவுற எடத்துல ஒரு தடவ ரெட்டிச்சு, 625007-ஆல வகுத்து மீதிய மட்டும் வச்சுக்கணும், அதனால எண் எப்பவும் ஆறு இலக்கத்த தாண்டாது. நான் கோடு போட்ட நோட்டுல கையாலயே போட்டேன். மூணு எடத்துல தப்பு, அடிச்சு அடிச்சு எழுதுனேன். கடைசிப் படியில 312504 வந்துச்சு, அத ரெட்டிச்சா 625008, வகுத்தா மீதி 1! பாதி அடுக்குலயே 1 வந்தா, அத வர்க்கம் எடுத்தா வர்ற முழு அடுக்குலயும் 1தான். பதினாலு தாவுல நடுவுல எங்க பிசகுனாலும் கண்டமேனிக்கு ஏதோ ஒரு எண்தான் வந்துருக்கும், சரியா 1 வந்து நிக்காது. நைட்டு பதினொன்னரை மணிக்கு தனியா உக்காந்து கை தட்டுனேன், அப்பா எட்டிப் பாத்துட்டு ஒண்ணும் கேக்காம போயி படுத்துட்டாரு.

ஆனா மீதி 1 வந்தா மட்டும் பகா எண்ணுன்னு சொல்ல முடியாது. வேஷக்காரனுங்க இருக்காய்ங்க. 341 = 11×31, அப்பட்டமான பகு எண், ஆனா 2-ஐ 340 அடுக்குக்கு உயர்த்தி 341-ஆல வகுத்தா மீதி 1 வரும். 561 இன்னும் மோசம், அதோட பொதுக்காரணி இல்லாத எந்த எண்ண வச்சு சோதிச்சாலும் பாஸாயிரும். அதனாலதான் பக்கத்து வீட்ட நல்லாத் தோண்டணும். 625007-க்கு முன்வீடு 625006, திருநகர்! அத உடைச்சா 2×47×61×109. (நெசத்துல திருநகர் எங்க இருக்கு, ஊருக்குத் தெக்க திருப்பரங்குன்றம் பக்கம், புதூர் வடக்க. நம்பர்ல மட்டும்தான் பக்கத்து வீடு.) ஏதோ ஒரு எண்ணுக்கு 625006 அடுக்குல மீதி 1 வரணும், ஆனா 625006-ஐ 2-ஆல வகுத்த அடுக்குல 1 வரக்கூடாது, 47-ஆல வகுத்த அடுக்குல வரக்கூடாது, 61, 109 இதுலயும் வரக்கூடாது. அப்பிடி ஒரே ஒரு எண் கிடைச்சிட்டா போதும், சந்தேகத்துக்கு இடமே இல்ல, பகா எண்தான். 2 அந்த வேலைக்கு ஆகாது, பாதியிலயே 1 வந்துருச்சே. 5-ஐ எடுத்தா பாதி அடுக்குல மீதி 625006 வருது, முதல் கண்டம் தாண்டியாச்சு. இந்த யோசனை எதுவார் லூக்காஸ்ங்கற பிரெஞ்சுக்காரரோடது, 1876 வாக்குல.

இப்ப பெரிய நம்பருக்கு வாங்க. முன்வீட்ட உடைக்கணும்னு சொன்னேன்ல, ஆறு இலக்கத்த உடைக்கலாம், நாலு கோடி இலக்கத்த யாரு உடைக்கிறது? அங்கதான் ஆளுங்க சாமர்த்தியமா இருக்காய்ங்க. உடைக்க வேண்டிய அவசியமே இல்லாத பக்கத்து வீடா பாத்து, அதுக்கு அடுத்த வீட்ட விசாரிக்கறாய்ங்க. 2-ஐ இத்தன தடவ பெருக்கி 1 கழிச்ச எண்ணுக்குப் பின்வீடு என்ன? வெறும் 2×2×2×2..., அம்புட்டும் ரெண்டு, உடைச்சே வச்சிருக்கு. பெரிய பகா எண் ரெக்கார்டுன்னா பெரும்பாலும் இந்த ஜாதி எண்களாவே இருக்கறதுக்கு காரணம் இதுதான், அதுக்கு ஏதோ தெய்வாம்சம் இருக்குன்னு இல்ல, விசாரிக்க சுளுவு, அம்புட்டுதான்.

மெர்சென் பகா எண்ணுன்னு பேரு. மெர்சென் பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாதிரியார். 1644-ல ஒரு பட்டியல் போட்டாரு, அடுக்கு 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257-க்கெல்லாம் பகா எண் வரும்னு. 67-உம் 257-உம் தப்பு, 61, 89, 107 மூணையும் விட்டுட்டாரு. நான் ஒரு பல்கலை நகர்ல தடுக்குனேன், அவரு அஞ்சு எடத்துல. அதுல 31-ஐ ஆய்லர் 1772-ல உறுதி பண்ணுனாரு, அது 2147483647. கம்ப்யூட்டர் ஆளுங்களுக்கு இந்த நம்பரப் பாத்தா அடிவயிறு கலங்கும், பிளஸ் மைனஸ் குறிக்கு ஒரு பிட் ஒதுக்குனா 32 பிட்ல எண்ண முடியற உச்சம் அது. 2014-ல யூடியூப்ல ஒரு கொரியப் பாட்டு அந்த எண்ணிக்கைய நெருங்குனதுனால கவுன்டரையே மாத்த வேண்டி வந்துச்சு.

எனக்கு ரொம்பப் புடிச்சது 67-ஓட கதை. 1876-ல லூக்காஸ் தன் சோதனைய வச்சு அது பகா எண் இல்லன்னு காட்டிட்டாரு. ஆனா எதால வகுபடும்னு அவருக்குத் தெரியாது! உள்ள ஆள் இருக்குன்னு நிச்சயமாத் தெரியும், பேரு தெரியாது. இருபத்தேழு வருஷம் அப்பிடியே கெடந்துச்சு. 1903-லதான் அமெரிக்காவுல ஃபிராங்க் கோல் உடைச்சாரு, 147573952589676412927 = 193707721 × 761838257287. உடைக்கறதும், உடையுமா உடையாதான்னு தெரிஞ்சுக்கறதும் ரெண்டு தனி வேலைன்னு எந்த டியூஷன்லயும் நான் சொல்லிக்கொடுத்ததே இல்ல, எனக்கே இந்தப் பின்கோடு கூத்துலதான் சரியா உறைச்சுச்சு. லூக்காஸோட சோதனைய 1930-ல லேமர் செதுக்குனாரு, இன்னைக்கு வரைக்கும் கடைசியா உறுதி பண்ண ஓடுறது அதுதான், செய்முறை எம்புட்டு சின்னதுன்னு பாருங்க. 4-ல ஆரம்பி. வர்க்கம் எடு, 2 கழி, நம்ம எண்ணால வகுத்து மீதிய வை. அடுக்குல ரெண்டு கொறச்சு அத்தன தடவ பண்ணு. கடைசில சைபர் வந்தா பகா எண்.

31-க்குப் போட்டுப் பாப்போம் (இங்க 31ங்கறது அடுக்கு இல்ல, எண்ணே அதான், 32-ல ஒண்ணு போக), அடுக்கு 5, அதனால மூணு தடவ. 4. பதினாறுல ரெண்டு போக 14. 196-ல ரெண்டு போக 194, 31-ஆல வகுத்தா மீதி 8. 64-ல ரெண்டு போக 62, மீதி சைபர். முடிஞ்சது. அப்பா இத தினத்தாள் ஓரத்துல போட்டு, அடுத்து 127-க்கும் போட்டாரு: 4, 14, 67, 42, 111, 0. அடுக்கு 11-க்கு 2047, அதுக்கு ஒம்போது தடவ போடணும், கடைசில 1736-ல போயி நிக்கும், சைபர் வராது. ஆமா, 2047 = 23×89.

லூக் டுரான்ட் நம்பருக்கு இதையே பதிமூணு கோடி தடவைக்கு மேல பண்ணணும், ஒவ்வொரு தடவையும் நாலு கோடி இலக்க எண்ண வர்க்கம் எடுக்கணும். ஜிம்ப்ஸ்னு ஒரு கூட்டு முயற்சி 1996-ல இருந்து நடக்குது, ஜார்ஜ் வோல்ட்மேன் ஆரம்பிச்சது, யாரு வேணா அவங்கவங்க கம்ப்யூட்டர்ல ஓட்டலாம். டுரான்ட் ஒரு கம்ப்யூட்டரோட நிக்கல, பல நாட்டு டேட்டா சென்டர்கள்ல ஜிபியுகள (கிராஃபிக்ஸ் சிப்பு) வாடகைக்கு எடுத்து ஓட்டுனாரு. மொதல்ல டப்ளின்ல இருந்த ஒரு மெஷின் ஃபெர்மா மாதிரி சோதனையில "இருக்கலாம்"னு சொன்னுச்சு, மறுநாள் டெக்ஸாஸ் சான் அன்டோனியோவுல இன்னொரு மெஷின் லூக்காஸ்-லேமர் போட்டு "இதான்"னு உறுதி பண்ணுச்சு. இதுவரைக்கும் தெரிஞ்சதுல அது ஐம்பத்திரெண்டாவது மெர்சென் பகா எண். அதுக்கு முந்தின ரெக்கார்டு 2018 டிசம்பர்ல வந்தது, ரெண்டரைக் கோடி கூட இல்ல, 2,48,62,048 இலக்கம். அந்த உயரத்துல சும்மா கண்ண மூடிட்டு ஒரு எண்ணத் தொட்டா அது பகா எண்ணா இருக்க வாய்ப்பு ஒம்பதரைக் கோடிக்கு ஒண்ணு வாக்குல. புதூர்ல பதிமூணுக்கு ஒண்ணு.

"சரித்தா, இதுனால என்ன பிரயோசனம்?" போஸ்ட் ஆபீஸ்காரரு கேக்காம விடுவாரா.

நேர்மையா சொன்னா இந்த நம்பரால ஒண்ணும் இல்ல. பகா எண் வச்சுத்தான் பேங்க் வெப்சைட்ட பூட்டுறாங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, உண்மைதான், ஆனா அது முன்னூறு இலக்க வாக்குல இருக்கற, வேற யாருக்கும் தெரியாத ரெண்டு பகா எண்ண பெருக்கிப் பூட்டுறது, ஆர்எஸ்ஏன்னு 1977-ல வந்தது. ஊரே பாத்த நம்பர பூட்டுக்குப் போட முடியுமா? நம்ம பல்கலை நகர் பின்கோடு ஒரு குட்டி ஆர்எஸ்ஏ பூட்டு மாதிரி, ரெண்டு காரணியும் கிட்டத்தட்ட ஒரே சைஸு, அதான் அம்புட்டு நேரம் திறக்கல. பூட்டுக்குத் தேவையான பகா எண்ண கண்டுபிடிக்க ஃபெர்மா மாதிரி வேகமான சோதனை வேணும், அந்தத் துறை வளர்ந்ததுல இந்தக் கிறுக்குங்களுக்கும் பங்கு உண்டு. நம்ம நாட்டு ஆளுங்களுக்கும்தான். 2002-ல ஐஐடி கான்பூர்ல மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூணு பேரும், பக்கத்து வீட்டையே கேக்காம, எந்த எண்ணையும் நியாயமான நேரத்துல, சந்தேகமே இல்லாம சோதிக்க முடியும்னு நிரூபிச்சாங்க. அதுல ரெண்டு பேரு அப்பத்தான் பி.டெக் முடிச்ச பசங்க. நடைமுறையில அது மெதுவு, ரெக்கார்டு வேட்டைக்கு உதவாது, ஆனா முடியுமாங்கற கேள்விய அதோட மூடிட்டாங்க.

அப்பாவுக்கு இதுல பாதி புரிஞ்சிருக்காது, எனக்கே சிலது புரியல. ஆனா மறுநாள் காலைல காபி குடிச்சுக்கிட்டே, "அந்த நம்பர் முடியறது எதுலத்தா?"ன்னாரு. கூகிள்ல பாக்கறேன்னேன். "நீ பாரு, நான் போடுறேன்." 2, 4, 8, 16, 32ன்னு கடைசி ரெண்டு இலக்கத்த மட்டும் எழுதிக்கிட்டே வந்தாரு, 64, 28, 56, 12... இருபத்தோராவது 52, இருபத்திரெண்டாவதுல திரும்ப 04 வந்துருச்சு. அப்ப இருபதுக்கு ஒருதரம் சுத்துது. 136279841-ஐ இருபதால வகுத்தா மீதி 1, அப்ப இருபத்தோராவது வீட்டுல இருக்கறதுதான், 52. ஒண்ணு கழிச்சா 51. நான் போன்ல திறந்து கடைசிக்கு இழுத்துக்கிட்டுப் போனேன், போன் சூடாகி ஒரு தடவ தொங்கிப் போச்சு, கடைசில வந்துச்சு, ...871551.

அவரு காலண்டர் தாளக் கிழிச்சு பின்பக்கம் எழுதிக்கிட்டாரு. "ஆரம்பம் என்ன?" 8816ன்னேன். அதையும் எழுதுனாரு, முன்னாடி 8816, பின்னாடி 51, நடுவுல நீளமா ஒரு கோடு. அத மடிச்சு சட்டப்பையில வச்சுக்கிட்டு பால் பூத்துக்குக் கெளம்பிட்டாரு.